சக்கரம் வைத்த ஏர்கண்டிஷனர் வீட்டைக் குளிர்விக்குமா?

கோடையில் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரெப்ரிஜிரேட்டரின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? குளிராது, சூடுதான் ஏறும். ஏன் தெரியுமா? ரெப்ரிஜிரேட்டர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்து முதுகுப்புறம் வழியாக வெளியேற்றுகிறது. அந்த முதுகும் அதே அறையில்தானே இருக்கிறது! போதாக்குறைக்கு, கருவியை ஓட்டும் மின்சாரமும் வெப்பமாக மாறிச் சேர்ந்துகொள்கிறது.

ஏர்கண்டிஷனரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஒரு டன் கருவி 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து அகற்றுகிறது. அதற்கு 1.2 கிலோவாட் மின்சாரம் செலவானால், வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 4.7 கிலோவாட்! ஜன்னலில் பொருத்தும் கருவியின் முதுகு வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆனால், சக்கரம் வைத்து உருட்டிச் செல்லும் கருவியோ முழுவதும் அறைக்குள் நிற்கிறது. ஆகவே, அது சூடான காற்றைத் தடித்த குழாய் மூலம் ஜன்னல் வழியே வெளியே ஊதுகிறது.

சிக்கல் இங்கேதான். ஒற்றைக் குழாய்க் கருவி ஊதித் தள்ளுவது நம் அறைக் காற்றைத்தான். அதற்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்னையின் மே மாதக் காற்றை எண்ணிப் பாருங்கள்! அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் கருவி மறுபடி அகற்ற வேண்டும். சூடான குழாயும் அறைக்குள் வெப்பத்தைக் கசியவிடும். இந்த இழப்புகளையும் கணக்கில் சேர்க்கும் சோதனை முறையை அமெரிக்க எரிசக்தித் துறை 2016-ல் வெளியிட்டது. அதன்படி அளந்தபோது இக்கருவிகளின் திறன் பழைய அளவைவிடக் கணிசமாகக் குறைந்தது.

இத்தகைய கருவி ஓடும் அறையில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கதவிடுக்கருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்நோக்கி வளைவதைக் காண்பீர்கள்.

அப்படியானால் இக்கருவி வீணா? இல்லை. சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டில், ஒரு சிறிய அறைக்கு இது உதவும். இரட்டைக் குழாய்க் கருவியானால் இன்னும் நல்லது. அது வெப்பத்தை வெளியேற்ற வெளிக்காற்றையே பயன்படுத்துகிறது. மற்றபடி, நிலையாகப் பொருத்தும் கருவியே மின் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

குழாயே இல்லாத “ஏர்கண்டிஷனர்” என்று எவரேனும் விற்க வந்தால், வீட்டில் பணத்தை எடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: “அறையின் வெப்பம் எந்த வழியாக வெளியே போகிறது?”