உங்களுக்குத் தெரியுமா? ஜாக்கி வேண்டாத சஸ்பென்ஷன் வேலை!

கார் பானட்டுக்குள் ஸ்ட்ரட் பார் பொருத்த ஜாக்கியே தேவையில்லை. வண்டி சமதரையில், நான்கு சக்கரத்திலும் பாரம் ஏறி நிற்க வேண்டும்; அப்போதுதான் அளவு சரியாக உட்காரும்.

• இந்தக் கம்பி ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. இரண்டு ஸ்ட்ரட்களின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்கள்) மேல்முனையைத் தாங்கும் தகட்டுக் கூடுகளை இணைத்து, வளைவில் அவை நெளிவதைக் குறைக்கிறது. அவ்வளவுதான்.

• பொருத்தும்போது, ஸ்ட்ரட்டின் மேல்முனையைச் சுற்றிலும் உள்ள மவுண்ட் நட்டுகளை மட்டுமே கழற்றலாம். நடு நட்டில் ஸ்பானர் படவே கூடாது! அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான். விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. தனியாகச் செய்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

• இந்த வகை ஸ்ட்ரட்டின் பெயர் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். 1950-ல் ஃபோர்டு கான்சலில் வந்த அது, 1983-ல் மாருதி 800 வழியாக நம் தெருக்களுக்கும் வந்தது. அம்பாசடரில் அது கிடையாது.

• விருதுநகர், சாத்தூர் வழியே போகும் 44-ம் எண் நெடுஞ்சாலையில் நேராக ஓட்டுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளில் தெரியலாம். பள்ளத்தில் விழும் குலுக்கல் குறையாது.

நட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க் அளவுக்கே முறுக்குங்கள்; பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.