கோழிக்கறி ரப்பர் போல் ஆவது ஏன்?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர், சிவாஜிநகர் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் எந்தக் கோழிக்கடையைப் பார்த்தாலும் கூட்டம். கூண்டில் இருக்கும் கோழிகளில் ஒன்றைக் கைகாட்டி, "பாய், அதைப் பிடிங்க" என்று சொல்லி, கண் எதிரே அறுத்து வெட்டி வாங்கினால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி. வீட்டுக்குப் போன அரை மணியில் குழம்பு கொதிக்கும்.

அடுத்த வாரம் அதே அம்மாள் வந்து, "என்ன பாய், போன வாரக் கறி ரப்பர் மாதிரி இருந்துச்சே! கிழட்டுக் கோழியைக் கொடுத்துட்டீங்களா?" என்று சண்டை பிடிப்பதும் உண்டு. கடைக்காரர் சத்தியம் செய்வார். "நாப்பது நாள் கோழிம்மா. எல்லாம் ஒரே லாரியில வந்ததுதான்."

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே பண்ணையில், ஒரே தீவனம் தின்று, ஒரே வயதில் வந்த இரண்டு கோழிகளில் ஒன்று பஞ்சு போலவும், மற்றது சக்கை போலவும் வேகக்கூடும். கோழியின் கடைசி இரவும், அறுத்த பிறகு வரும் முதல் சில மணி நேரமும் கறியை ஆக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

லாரிப் பயணம்

கறிக்கோழிகளைப் பண்ணையில் பெரும்பாலும் இரவில்தான் பிடிக்கிறார்கள். இருட்டில் கோழி அவ்வளவாக மிரளாது. ஆனால் பிடிக்கும் முறைதான் முரட்டுத்தனம். கால்களைப் பற்றி, ஒரு கையில் மூன்று நான்கு கோழிகளைத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டில் திணிப்பார்கள். அங்கே அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். தோலை உரித்ததும் இது தெரிந்துவிடும். சிவப்பாக இருந்தால் புதிய அடி. பச்சை நிறம் தட்டியிருந்தால் அடிபட்டு ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். அதாவது, பண்ணையிலேயே பட்ட அடி.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். லாரி ஓடும்வரை காற்று வரும். ஓசூர் சாலையில் வாகன நெரிசலில் லாரி நின்றால் காற்றும் நின்றுவிடும். நடுவில் உள்ள கூண்டுகளில் இருக்கும் கோழிகளின் பாடு சொல்லி முடியாது.

இப்படித் தவிக்கும் கோழி, தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளைச் செலவழிக்கிறது. பின்னால் கறியின் தரத்துக்கு அதுதான் முதல்.

பட்டினியிலும் ஒரு கணக்கு உண்டு. அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை மட்டும், பிடிக்கும் நேரம்வரை நிறுத்தக்கூடாது. தீவனம் தின்ற கோழியை அறுத்தால் குடல் கிழிந்து கறியில் அழுக்குப் படும். உயிர் எடைக்குக் காசு கொடுப்பவர் இரைப்பையில் உள்ள தீவனத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம். பட்டினி அளவு மீறிப் போனாலோ, கோழியின் எடையும் குறையும், தசையில் உள்ள கிளைகோஜனும் வற்றும்.

உயிர் போன பிறகு

கழுத்தை அறுத்தவுடன் கோழி செத்துவிடுகிறது. ஆனால் தசையின் வேலை உடனே நிற்பதில்லை. ரத்த ஓட்டம் இல்லாததால் பிராணவாயு கிடைக்காது. மிச்சமிருக்கும் கிளைகோஜனைத் தசை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பி.எச். அளவில் 7-ஐ ஒட்டி இருந்த மார்புத் தசை, சில மணி நேரத்தில் 6-க்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்த இறக்கம் நிதானமாக நடந்தால் கறி நன்றாக இருக்கும்.

அறுக்கும் நேரத்தில் கோழி கடுமையாகத் துடித்தால் இந்த இறக்கம் வேகமாகிவிடும். உடல் சூடு தணியும் முன்பே அமிலம் ஏறினால் தசையின் புரதம் கெட்டு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தியை இழக்கும். கறி வெளுத்து, தளர்ந்து, சட்டியில் போட்டதும் நீர் விட்டுச் சுருங்கும். சாப்பிடும்போது சக்கை.

இதற்கு நேர்மாறாக, நீண்ட பயணத்தில் சக்தியெல்லாம் தீர்ந்துபோன கோழியில் அமிலம் உண்டாக வழியில்லை. அந்தக் கறி கருத்து, வறண்ட தோற்றத்தில் இருக்கும். அமிலம் குறைவு என்பதால் கிருமிகள் எளிதில் பெருகி விரைவில் கெட்டும் போகும்.

நம் ஊர்க் கடைகளில் பலவற்றில் கழுத்தை அறுத்ததும் கோழியை டிரம்மில் வீசிவிடுகிறார்கள். அது உள்ளே படபடவென்று இறக்கையை அடித்துத் துடிக்கிறது. புனல் வடிவத் தகரக் கூம்பில் தலைகீழாக நிறுத்தி அறுத்தால் இறக்கையை அடிக்க முடியாது. ரத்தமும் நன்றாக வடியும். கூம்பு ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் சாமான் அல்ல. சில கடைகளில் இருக்கிறது. எல்லாக் கடைகளிலும் இல்லை.

அவசரச் சமையல்

இனி அந்த அரை மணிக் குழம்புக்கு வருவோம். அறுத்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கோழித் தசை விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு பிடிக்கும் முன்போ, பிடித்திருக்கும்போதோ துண்டு போட்டு அடுப்பில் ஏற்றினால், எலும்பின் பிடிப்பை இழந்த தசை இன்னும் சுருங்கிக் கடினமாகிவிடும். மார்புக்கறியில் இது நன்றாகத் தெரியும். பெரிய பதன ஆலைகளில் முழுக்கோழியைக் குளிரில் 4 மணி நேரமாவது வைத்திருந்து, பிறகே மார்புக்கறியை எலும்பிலிருந்து பிரிக்கிறார்கள்.

ஆக, "கண் எதிரே அறுத்து உடனே சமைத்தால்தான் ருசி" என்ற நம் நம்பிக்கை பாதிதான் சரி. நோயுள்ள கோழியையோ செத்த கோழியையோ தலையில் கட்டாமல் இருக்க, கண் எதிரே அறுப்பது நல்லது. உடனே சமைப்பதுதான் தப்பு. காலையில் வாங்கியதை மூடிய பாத்திரத்தில், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்து மாலையில் சமைத்தால் வித்தியாசம் தெரியும். முடிந்தால் முழுசாக வாங்கி வந்து பிறகு வெட்டுவது இன்னும் நல்லது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்த யோசனை வேண்டாம். வெளியே 4 மணி நேரம் கிடக்கும் கறியில் கிருமிதான் பெருகும்.

பச்சைக் கறியில் இஞ்சி விழுதும் தயிரும் தடவி வைக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. புரதத்தை உடைக்கும் நொதி இஞ்சியில் இருக்கிறது. தயிரின் புளிப்பும் இளக்கும்.

மார்பும் காலும்

கோழி பறப்பது எப்போதோ ஒருமுறை. நடப்பதோ நாள் முழுவதும். ஓயாமல் உழைக்கும் கால் தசைக்குப் பிராணவாயு வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அங்கே அதிகம். மார்பு வெளுத்திருப்பதற்குக் காரணம் அது திடீர் வேகத்துக்கான தசை என்பதே. பறந்து திரியும் புறாவின் மார்பு சிவந்திருப்பதை வேட்டைக்காரர்கள் அறிவார்கள்.

தசை இழைகளின் எண்ணிக்கை, குஞ்சு பொரிக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு இழைகள் பருக்கின்றன, அவ்வளவுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-வது நாளில் 1957 ரகம் சுமார் 900 கிராம். 1978 ரகம் 1,800 கிராம். 2005 ரகமோ 4,200 கிராம்! இது முழுக்க முழுக்க இனத்தேர்வின் விளைவு. "ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள்" என்று நம்மிடையே உலவும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நாள்தோறும் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆன்டிபயாடிக் மருந்து பற்றிய கவலை வேறு, அது நியாயமானது. அதனால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது.

வேக வளர்ச்சிக்குக் கோழியும் ஒரு விலை கொடுக்கிறது. இழைகள் பருத்த வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. பிராணவாயு போதாமல் சில இழைகள் மடிகின்றன. அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்கின்றன. மார்புக்கறியில் வெள்ளைக் கோடுகளாக இது தெரியும். சில கோழிகளில் மார்பே கட்டை போல் இறுகிவிடும். சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் மென்றாலும் மசியாது. எடை மிகுந்த கோழியில்தான் இது அதிகம். 2 கிலோவை ஒட்டிய கோழியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

நாட்டுக்கோழியின் கடினம் வேறு வகை. தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம், வயது ஏற ஏற இறுகும். ஆறு வாரக் கறிக்கோழியில் அது இளசு. மாதக்கணக்கில் ஓடித் திரிந்த நாட்டுக்கோழியில் முற்றல். அது ஈரச்சூட்டில் வெகுநேரம் வெந்தால்தான் கரையும். அதனால்தான் நாட்டுக்கோழிக்குக் குக்கர் விசில் கணக்கு. அதே கணக்கைக் கறிக்கோழிக்குப் போட்டால் நார் நாராகப் பிரிந்துவிடும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா கோழியை வாங்குபவர்கள், அதை எத்தனை மாதம் வளர்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அடுப்பில் வைப்பது நல்லது.

கடையில் நிற்கும்போது

கூண்டில் வாயைப் பிளந்து இரைக்கும் கோழியை விட்டுவிட்டு, அமைதியாக நிற்கும் கோழியைக் கேளுங்கள். அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கியவற்றைவிட, நிழலில் தண்ணீர் குடித்துச் சில மணி நேரம் இளைப்பாறியவை மேல். இரைப்பையைத் தடவிப் பார்த்தால் தீவனம் தின்றதா என்று தெரியும். தோலுரித்த கறி உயிர் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறும்.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது பலரின் வழக்கம். அதில் தெறிக்கும் நீர், கிருமியைப் பக்கத்தில் இருக்கும் காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் கொண்டுபோகும். நன்றாக வேக வைப்பதுதான் கிருமிக்கு மருந்து.

உறைய வைத்த கறியைச் சமைத்தால் எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரிவது உண்டு. "வேகவில்லை", "கெட்டுப்போச்சு" என்று தூக்கிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இளங்கோழியின் எலும்பு முழுதும் இறுகாதது. உறையும்போது மஜ்ஜையின் நிறம் அதன் வழியே கசிந்து சதையில் ஏறுகிறது. கறி நன்றாக வெந்திருந்தால் தயங்காமல் சாப்பிடலாம்.