மின்தடையின்போது கைபேசிக்கு மாற்று மின்சாரம்

பழனியை அடுத்த ஆயக்குடி வட்டாரத்தில் கொய்யாப் பறிப்புக்கு ஆள் கூப்பிடுவது, வண்டிக்குச் சொல்வது, சந்தை விலை விசாரிப்பது எல்லாம் இன்று கைபேசியில்தான். இரவு காற்று மழையில் மின்சாரம் நின்று, விடியற்காலையில் கைபேசி அணைந்து கிடந்தால் பறிப்பு தள்ளிப்போகும். பழுத்த கொய்யா மறுநாள் வரை காத்திருக்காது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் இருந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துக் கைபேசிக்கு சார்ஜ் ஏற்றும் நிலை அங்கே வந்தது. நமக்கு ஓர் இரவும் ஒரு பகலும் தாங்கினால் போதும்.

எளிய வழி பவர் பேங்க். அட்டைப்பெட்டியில் 10,000 என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். மின்னழுத்தம் மாறும்போது ஒரு பகுதி வீணாகி, 6,000 அளவே கைக்கு வரும். சாதாரணக் கைபேசிக்கு அது ஏறக்குறைய ஒரு முறைக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

விளக்கும் எரிய வேண்டுமானால் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி ஒன்று வாங்கலாம். இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையுமாதலால் 42 என்றே கணக்கு வையுங்கள். 3 வாட் எல்.இ.டி. விளக்கு இதில் சுமார் 14 மணி நேரம் எரியும். கைபேசியை மட்டும் ஏற்றினால் ஒன்றரை முறை ஏற்றலாம். பேட்டரியிலிருந்து கைபேசிக்கு நேராக வயர் கொடுத்தால் கைபேசி எரிந்துவிடும். காரில் செருகும் 12 வோல்ட் சார்ஜர் மூலமே கொடுக்க வேண்டும். பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் அவசியம். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை பேட்டரியை முழுதாக ஏற்றி வைப்பது நல்லது.

அவசரத்துக்கு டிராக்டர் அல்லது மோட்டார் சைக்கிள் பேட்டரியிலும் ஏற்றலாம். இஞ்சின் நிற்கும்போது நெடுநேரம் ஏற்றினால் காலையில் வண்டி கிளம்பாது. அப்போது கொய்யாக் கூடை மட்டுமல்ல, வண்டியும் தோட்டத்திலேயே நிற்கும்!

கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் அதனுள் சிறு பேட்டரி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது இருந்து, நல்ல நிலையிலும் இருந்தால்தான் மின்சாரம் நின்ற தகவல் வீட்டிலிருக்கும் உங்களுக்கு வரும். இல்லையேல் ‘மோட்டார் ஓடுகிறது’ என்றே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மின்னணுத் தராசிலும் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அதற்குரிய சார்ஜரிலேயே பறிப்புக்கு முந்தின மாலை ஏற்றிவிட வேண்டும்.

கைபேசி அடங்கிய பின்னும் வானிலை கேட்க இரண்டு பேனா செல் போட்ட வானொலிப் பெட்டி உதவும். கொடைக்கானல் பண்பலை 100.5-ல் கிடைக்கும். பெட்டியை நெடுநாள் பயன்படுத்தாதபோது செல்களைக் கழற்றி வையுங்கள். ஒழுகினால் முனைகள் துருப்பிடித்துவிடும்.