முகநூலில் வந்தது, வீட்டுக்கு வரவில்லை

கடந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒரு சின்ன விடயம் இது. குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைகளில் வருவது வழமை. அதைப் புதன்கிழமைக்கு மாற்றியிருப்பதாக முதல் நாள் சபையின் முகநூல் பக்கத்தில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். முன்வீட்டு ராத்தா வழமைபோல் செவ்வாய்க் காலையில் பையை வாசலில் வைத்தார். பகலெல்லாம் மழை. காகமும் பூனையும் கிளறி, பின்னேரமாகும்போது தெருவெல்லாம் மீன் செதிள்.

“ராத்தா, நேத்தே பேஸ்புக்கில போட்டிருந்தாங்களே?” என்றேன்.

“எனக்கெங்க தம்பி பேஸ்புக்? முந்தியெண்டா பள்ளிவாசல் மைக்கில சொல்லுவாங்க. இப்ப ஆரும் சொல்றாங்க இல்லையே” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அறிவித்தல் போட்டது உண்மை. அது போய்ச் சேராததும் உண்மை.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூன்று வகை உள்ளூராட்சி மன்றங்கள் நமது நாட்டில் உள்ளன. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. வீதி, வடிகான், தெருவிளக்கு, சந்தை, நூலகம், குப்பை, கட்டட அனுமதி, சோலை வரி என்று வாசலைத் தாண்டியதும் நாம் சந்திக்கும் அரசாங்கம் இந்தச் சபைதான். அதனுடைய செய்தி நம்மை எப்படி வந்தடைகிறது என்பது அதனால் சின்னக் கேள்வியல்ல.

இன்று அந்தச் செய்தி பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சபையின் உத்தியோகபூர்வ முகநூல் பக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முகநூல், பதிவுகளை நேர வரிசையில் எல்லோருக்கும் காட்டுவதில்லை. எதற்கு விருப்பும் கருத்தும் அதிகமோ அதைத்தான் முன்னே தள்ளும். அடிக்கல் நாட்டு விழாப் படம் உடனே கண்ணில் படும். நாளை வீதி மூடப்படும் என்ற அறிவித்தல் நாளை மறுநாள் வந்து நிற்கும்.

இரண்டாவது, வட்டாரத்துக்கொரு வட்ஸ்அப் குழு. இது வேகமானது, முகநூல் இல்லாதவர்களிடமும் போகும். ஆனால் ஜனாஸா அறிவித்தல், வாழ்த்து, அரசியல் வாக்குவாதம் எல்லாம் ஒரே குழுவில் கலந்துவிட்டால், சபையின் அறிவித்தல் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

மூன்றாவது, தவிசாளரின் அல்லது உறுப்பினரின் சொந்தப் பக்கம். இதில்தான் அதிகக் கவனம் தேவை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கும் மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். சொந்தப் பக்கத்தில் மட்டும் ஊர் அறிவித்தல்களைப் போட்டுப் பழகினால், பதவி போகும்போது பக்கமும் அவரோடு போய்விடும். பல வருட அறிவித்தல்களும், மக்கள் எழுதிய முறைப்பாடுகளும், பின்தொடரும் ஆயிரக்கணக்கானோரும் ஒரு தனிமனிதரின் சொத்தாகிவிடுவார்கள். பக்கம் சபையின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நேரத்துக்குச் செய்தி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் பட்டறிந்திருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரின் ஒரு முஸ்லிம் உணவகத்தில் உணவில் மலட்டு மருந்து கலக்கப்படுவதாக ஒரு வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று பகுப்பாய்வு அறிக்கை பிறகு வந்தது. வதந்தி சில மணித்தியாலங்களில் ஊரைச் சுற்றியது. உண்மை பல நாள் கழித்து நடந்து வந்தது. உள்ளூர் மக்கள் நம்பிப் பார்க்கும் ஓர் உத்தியோகபூர்வ பக்கம் வன்முறையைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் “இது சரியா?” என்று கேட்க ஓர் இடமாவது இருக்கும். அந்த நம்பிக்கையைக் கலவரத்தன்று உண்டாக்க முடியாது. குப்பை வண்டியின் நேரத்தைத் தவறாமல் சரியாகச் சொல்லிச் சொல்லித்தான் உண்டாக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கண்டி வன்முறைகளின்போது 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3இலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. மிக அவசரமான நாட்களில் இல்லாமல் போகக்கூடிய ஒன்றையே ஒரே வழியாக நம்பியிருக்க முடியுமா? பள்ளிவாசல் ஒலிபெருக்கி, முச்சக்கரவண்டி அறிவிப்பு, அறிவித்தல் பலகை ஆகியவற்றைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மொழியும் ஒரு பிரச்சினை. இலங்கை முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் வரும் பதிவுகளுக்குக் குறைவில்லை. தமிழில் இரண்டு வரி சேர்க்கும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல.

நம் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. வடிகான் அடைத்திருந்தால் பதிவின் கீழ் ஒரு கருத்தை எழுதிவிட்டு, முறைப்பாடு செய்தாயிற்று என்று இருந்துவிடுகிறோம். கருத்துக்குக் கோவை இலக்கம் கிடையாது. அதைப் பக்கத்தை நடத்துபவர்கள் அழிக்கலாம். படமெடுத்துப் போடுங்கள், நல்லது. அதோடு எழுத்திலும் கொடுத்து, கிடைத்ததற்கு ஒரு துண்டு வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபைகளும் அதற்கு உட்பட்டவை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

சபைகளிடம் நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு அறிவித்தலிலும் திகதி, இடம், எதுவரை, தொடர்புக்கான தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் இருக்கட்டும். திகதியில்லாத அறிவித்தல், போன வருடத்துக் குப்பைபோல் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். படத்துக்குள் மட்டும் எழுதாமல் எழுத்தாகவும் போடட்டும். பார்வையற்றோரின் கைபேசி எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். வட்ஸ்அப்பில் சபை மட்டும் பதிவிடும் அறிவித்தல் குழு ஒன்று தனியாக இருக்கட்டும். அதே செய்தி பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கோயிலுக்கும் விகாரைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் போகட்டும்.

இந்தப் பட்டியலை எங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “பார்ப்போம்” என்றார். அடுத்த முறை நாள் மாறும்போது ராத்தாவின் வாசலைத்தான் நான் பார்ப்பேன். பை அங்கே இல்லையென்றால், செய்தி வந்திருக்கிறது.