குடல் ஒப்பரேஷன் செய்த பிள்ளை: வீட்டுக்கு வந்த பிறகு

"ஒப்பரேஷன் செஞ்சு மூணு வருஷமாச்சு மிஸ்ஸி. இன்னும் காற்சட்டையிலேயே போயிடுறான். அடிச்சும் பார்த்தாச்சு."

கிளினிக் நாளில் தாய்மார் இப்படிச் சொல்வதுண்டு. அடிக்க வேண்டாம். இது பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, தாயின் கவனக்குறைவும் இல்லை. ஒப்பரேஷன் குடலின் அடைப்பைத்தான் நீக்குகிறது. அடக்கவும் போகவும் குடல் பழகுவதற்கு வருஷக்கணக்கில் எடுக்கும்.

பிறவிக் குடல் குறைபாடுகளில் இரண்டைப் பற்றி இங்கே சொல்கிறோம். ஒன்று, மலவாசல் திறக்காமலோ இடம் மாறியோ பிறப்பது. மற்றது ஹிர்ஸ்பிரங் நோய். கோப்பன்ஹேகன் நகரத்துச் சிறுவர் வைத்தியர் ஹரால்ட் ஹிர்ஸ்பிரங் 1886இல் இதை விவரித்ததால் அந்தப் பெயர். குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக் கலங்கள் இருக்காது. அந்தத் துண்டு தளர்ந்து வழி விடாது. மலம் மேலே தேங்கி வயிறு ஊதும். இரண்டுமே ஏறக்குறைய 5000 பிறப்புக்கு ஒன்று என்று வருகிறவை. கிரகணத்தால் வருவதல்ல, செய்வினையும் அல்ல. பிறந்து ஒரு நாள் கழிந்தும் கரும்பச்சை மலம் போகாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஹிர்ஸ்பிரங் நோய்க்கு, நரம்பில்லாத துண்டை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைப்பார்கள். 1948இல் அமெரிக்காவில் ஸ்வென்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த வழியைக் காட்டினார். மலவாசல் இல்லாத பிள்ளைக்குப் புதிதாக வாசல் அமைப்பார்கள். அதன் பிறகு அதை விரிக்கும் கோலைத் தாய்க்கே பழக்கித் தருவார்கள். பிள்ளை அழுகிறது என்று இடையில் நிறுத்தினால் வாசல் சுருங்கிவிடும்.

முதல் மாதங்களில் பல தடவை போகும், தோல் புண்ணாகும். இதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்று. ஹிர்ஸ்பிரங் பிள்ளைக்கு வயிறு ஊதி, காய்ச்சல் வந்து, நாற்றத்தோடு பீய்ச்சியடித்துப் போய், பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது குடல் அழற்சி. ஒப்பரேஷனுக்குப் பிறகும் வரும், முக்கியமாக முதல் இரண்டு வருஷத்தில். "சாதாரண வயிற்றோட்டம்தானே" என்று ஜீவனி கரைத்துக் கொடுத்துவிட்டு இருந்தால் உயிருக்கே ஆபத்து. இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் முதலில் ஒப்பரேஷன் செய்ததைச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறும் நடக்கிறது. மலம் கட்டியாக இறுகிக் கிடக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். பார்க்க வயிற்றோட்டம் போலவே இருக்கும், உண்மையில் அது மலச்சிக்கல். அதற்கு ஓட்டத்தை நிறுத்தும் மருந்து கொடுத்தால் இன்னும் இறுகும். கைவைத்தியம் செய்யாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஹிர்ஸ்பிரங் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வளர வளரத் தேறுகிறார்கள். சிலருக்குக் கசிவும் மலச்சிக்கலும் தொடரும். மலவாசல் குறைபாட்டில் குடல் எவ்வளவு மேலே நின்றுபோனது, முதுகின் அடி எலும்பு சரியாக இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. மேலே நின்ற பிள்ளைகளில் பலருக்கு அடக்கும் சக்தி முழுதாக வராது. அவர்களுக்கும் வழி உண்டு: வைத்தியர் சொன்ன அளவில் தினமும் ஒரே நேரத்தில் எனிமா கொடுத்துக் குடலைக் காலியாக்கினால், அடுத்த நாள் வரை சுத்தமாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளைச் சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம், கால் பாதம் தரையில் பதிய உட்கார வையுங்கள். சாப்பாடு இறங்கும்போதுதான் குடலும் அசையும்.

பாடசாலையில்தான் கஷ்டம் அதிகம். நாற்றம் என்று பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பிள்ளை போகவே மறுக்கும். வகுப்பாசிரியரிடம் தனியாகக் கதைத்து, கேட்காமலே மலசலகூடம் போக அனுமதி வாங்குங்கள். பையில் ஒரு மாற்றுடுப்பு இருக்கட்டும்.

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் சொந்தங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2009 வரை கிடந்தது. அந்த நாட்களில் கொழும்புக்கோ பேராதனைக்கோ கிளினிக் போவது லேசான காரியமா? அப்படி விட்டுப்போனவர்கள் இன்று பெரியவர்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் சமாளிப்பவர்களும் இருக்கலாம். உங்கள் உறவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இப்போதும் பார்க்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் காட்டினால் தேவையான இடத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள்.

பழைய டயக்னோசிஸ் கார்டை எறிய வேண்டாம். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மலவாசல் ஒப்பரேஷன் செய்த பெண்பிள்ளை பிற்காலத்தில் கர்ப்பமானால், முதல் கிளினிக்கிலேயே அந்தக் கார்டைக் காட்ட வேண்டும். பிரசவம் எப்படி என்று வைத்தியர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.