தாயைக் கேட்காத சான்றிதழ்

ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்த எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளும் 2009 ஏப்ரலில் முஸ்லிம்களாகப் பதிவானார்கள். மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 11, கடைக்குட்டிக்கு 11 மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் தந்தை மதம் மாறியிருந்தார். அவர் விண்ணப்பித்தார், பேராக் மதமாற்றப் பதிவாளர் சான்றிதழ் கொடுத்தார். தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள்கூட அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை.

அந்த மூன்று தாள்களையும் அடுத்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. ஈப்போ உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், அதைச் சொல்ல சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. கூட்டரசு நீதிமன்றம் மறுபடி செல்லாது என்றது. மூன்றுக்கும் ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே மாநிலச் சட்டம். மாறியது, சட்டம் என்றால் என்ன என்பதைப் பற்றி நீதிபதிகள் மனத்தில் இருந்த எண்ணம். சட்டக் கல்வியில் ‘சட்டவியல்’ என்ற பாடம் விசாரிப்பது இதைத்தான்: ஒரு விதி எங்கிருந்து அதிகாரம் பெறுகிறது? நாம் ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும்?

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஆஸ்டின் சொன்ன பதில் எளிமையானது. மேலே இருப்பவன் இடும் கட்டளை, மீறினால் தண்டனை, அதுதான் சட்டம். பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும், கிராணி பேர் வாசிப்பார், துரை சொன்னதுதான் விதி. அதற்கும் முந்தைய ஒப்பந்தக் கூலிக் காலத்தில் வேலையை விட்டு ஓடியவருக்குச் சிறையே காத்திருந்தது.

ஆஸ்டின் சொல்வது மட்டும்தான் சட்டம் என்றால் துப்பாக்கி காட்டிப் பணம் பறிப்பவனுக்கும் வரி வசூலிப்பவருக்கும் என்ன வேறுபாடு என்று 1961இல் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் மடக்கினார். எது சட்டம், யார் அதை இயற்றலாம், எந்த முறையில் இயற்றலாம் என்பதற்கே ஓர் அடிப்படை விதி இருக்கிறது, அதிகாரிகள் அதை ஏற்று நடக்கிறார்கள், அதனால்தான் மற்ற விதிகள் செல்லுபடியாகின்றன என்பது அவர் வாதம். மலேசியாவில் அந்த இடத்தில் கூட்டரசு அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. அதுவே உச்சச் சட்டம் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது.

விதியின் நியாயத்தைத் தேடாமல், அது செல்லுமா, எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது என்று மட்டும் பார்ப்பது ஒரு வழி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 டிசம்பர் 30 அன்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அந்த வழியில்தான் போனது. மதமாற்றச் சான்றிதழே முடிவான ஆதாரம் என்கிறது பேராக் மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமிய நிர்வாகச் சட்டம். ஷரியா நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது 1988இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் முஸ்லிம் அல்லாத அந்தத் தாய் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. போகச் சொன்ன வாசல் அவருக்குத் திறக்காத வாசல்.

2013 ஜூலை 25 அன்று ஈப்போவில் நீதிபதி லீ சுவீ செங் வேறொரு நூலைப் பிடித்திருந்தார். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார். குழந்தைகள், பெண்கள் உரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தங்களையும் எடுத்துக் காட்டினார். விதி எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அதில் அறமும் இருக்க வேண்டும் என்ற பழைய மரபு இது. ஐரோப்பாவில் அதற்கு இறையியலாளர் அக்வினாஸ் வரை வம்சாவளி சொல்வார்கள். ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன பாண்டியனுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரிந்த நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் நின்றார்கள். நீதிபதி ஜைனுன் அலி எழுதிய அந்தத் தீர்ப்பு முதலில் சட்டத்தின் எழுத்தையே ஆயுதமாக எடுத்தது. மதம் மாறுபவர் நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவை வாயால் மொழிய வேண்டும் என்று பேராக் சட்டத்தின் 96ஆவது பிரிவே சொல்கிறது. 11 மாதக் குழந்தை எதை மொழியும்? நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் சான்றிதழ் கொடுக்கப் பதிவாளருக்கு அதிகாரமே கிடையாது. எழுத்தை மட்டும் பார்ப்போம் என்றவர்கள் பார்க்காமல் விட்ட எழுத்து இது.

அடுத்து இன்னும் ஆழமான இடத்துக்குத் தீர்ப்பு போனது. அதிகாரி வரம்பு மீறினாரா என்று பார்க்கும் நீதித்துறை அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது. நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தும் அதைப் பிடுங்க முடியாது என்றது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் பிறந்த கோட்பாடு இது. விதிகளுக்கு அடியில் கோட்பாடுகள் ஓடுகின்றன, சிக்கலான வழக்கில் நீதிபதி அவற்றைத் தோண்டி எடுக்கிறார் என்று அமெரிக்காவின் ரொனால்ட் டுவார்க்கின் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. பிள்ளையின் மதத்தை யார் முடிவு செய்வது என்று சொல்லும் அரசமைப்பின் 12(4) பிரிவையும் சமத்துவத்தோடு சேர்த்தே படித்தார்கள்: தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தால் இருவரின் ஒப்புதலும் வேண்டும்.

இங்கே ஒரு பேராக் முரண். அதே இந்தியக் கோட்பாட்டை 1977இல் லோ கூய் சூன் வழக்கில் மலேசியாவுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியவர், பத்து காஜாவில் பிறந்த நீதிபதி ராஜா அஸ்லான் ஷா. இரண்டே ஆண்டில், ஸ்ரீ லெம்பா வழக்கில், எந்தச் சட்ட அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று எழுதியவரும் அவரே. பின்னாளில் பேராக் சுல்தானாகவும் ஆனார். ஒரே மனிதருக்குள் இரண்டு சட்டவியலும் குடியிருந்தன.

நியாயத்தின் பக்கம் எப்போதும் தீர்ப்பு சாயும் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்து வீடுகளைப் பாருங்கள். உழைப்பைக் கலந்த நிலம் உழைத்தவனுக்குச் சொந்தமாகிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். அந்தக் கணக்கில், காட்டை அழித்து ரப்பர் நட்டு மூன்று தலைமுறை பால் வெட்டியவர்களுக்கு லயத்து வீடாவது சேர வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவோ, எத்தனை காலம் குடியிருந்தாலும் பட்டாதாரர் நிலத்தை மீட்க அது தடையாகாது என்கிறது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தை விற்று ஆட்களை நிறுத்தும்போது 1980ஆம் ஆண்டு பணிநிறுத்த விதிகள்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 30 ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி வந்துவிடும். வீட்டைப் பற்றி அந்த விதிகள் வாய் திறப்பதில்லை. போராடி வீடு வாங்கிய தோட்டங்கள் உண்டு. அது பேரம் பேசிக் கிடைத்தது, சட்டப் பிரிவு கொடுத்ததல்ல.

சட்டம் என்பது புத்தகத்தில் இருப்பதல்ல, நீதிமன்றங்கள் நடைமுறையில் என்ன செய்யும் என்ற கணிப்புதான் என்று 1897இல் எழுதினார் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ். காவல் நிலையத்தையும் அவர் சேர்த்திருக்கலாம். இந்திரா காந்தி வழக்கில், கடைசி மகளைத் தாயிடம் ஒப்படைக்காத தந்தையைக் கைது செய்ய ஈப்போ உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சிவில், ஷரியா நீதிமன்றங்கள் இரண்டும் முரண்பட்ட உத்தரவு கொடுத்திருக்கின்றன என்று போலீஸ் தரப்பு தயங்கியது. ஆணையை நிறைவேற்றச் சொல்லி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை.

ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்கும் 88ஏ என்ற பிரிவைத் திருமணச் சட்டத்தில் சேர்க்க அரசாங்கம் முயன்று, 2017இல் அதைக் கைவிட்டது. அதனால் இருவர் ஒப்புதல் என்ற விதி நாடாளுமன்றச் சட்டத்தில் இல்லை, தீர்ப்பில் இருக்கிறது. பெர்லிஸ் மாநிலத்தில் இன்னொரு தாயின் மூன்று பிள்ளைகள் விஷயத்தில், 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களின் மதமாற்றம் செல்லாது என்றது. மாநில சமய மன்றம் மேலே போக அனுமதி கேட்டது. மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது.