கழுகுமலைப் பாறையில் குடிமக்கள் பெயர்

கழுகுமலைக்குப் போகிறவர்களில் பலர் வெட்டுவான் கோயிலைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதே குன்றில் இன்னும் கொஞ்சம் நடந்தால் சமணச் சிற்பங்கள். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

எங்கள் ஊர் மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம், கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். ஐப்பசி மழை வெறித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நண்பர்களோடு பைக்கில் கிளம்பினோம். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. கரிவலத்தில் டீ குடித்தோம். பக்கத்துச் சென்னிகுளம்தான் அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச்சிந்து, காவடி தூக்கி இந்தப் பக்கம் நடந்தவர்களின் கால்வேகத்தில் பிறந்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது. சங்கரன்கோவில் தாண்டியதும் கரிசல். மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் பச்சை பிடித்திருந்தன.

வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் அதே நூற்றாண்டு, அதே முறை. இங்கே சிகரம் முடிந்துவிட்டது; அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கோலம். மேலே தகப்பன் செதுக்க, கீழே மகன் செதுக்கினான், மகனின் திறமை பொறுக்காமல் தகப்பன் அவனைக் கொன்றான், வேலை நின்றது என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

சமணப் பாறையில் கூரை கிடையாது. மழையும் வெயிலும் நேரே விழுகின்றன. தீர்த்தங்கரர் பார்சுவநாதர் மீது அவர் பகைவன் கமடன் பாறையை எறிய வருகிறான். நாகராசன் தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். பாகுபலியின் உடலில் கொடி படர்ந்திருக்க, இருபுறமும் சகோதரிகள். அம்பிகை இயக்கியின் அருகில் சிங்கமும் பிள்ளைகளும். மற்றபடி வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஒருவரைப் போலவே இன்னொருவர். முதல் பார்வையில் சலிப்புத் தட்டலாம். அப்போது கண்ணைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும்.

உருவங்களுக்கு அடியில் பழைய வட்டெழுத்தில் கல்வெட்டுகள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டியவை. இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய மாணாக்கர் என்று சொல்கின்றன. செய்வித்தவர்களில் தச்சரும் குயவரும் உண்டு. குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கும் மாணாக்கர் இருந்தார்கள். சித்தாந்தம் உரைக்கும் துறவியருக்குச் சோறிட விட்ட கொடையும் பதிவாகியிருக்கிறது. அரசகுலம் மட்டுமே கல்லில் பேசும் என்று பள்ளியில் படித்த நமக்கு, இந்தப் பாறை ஒரு பெரிய திருத்தம். வெட்டுவான் கோயில் பாதியில் நின்றுவிட்டது. ஆளுக்கொரு சிற்பமாகச் சாமானியர் செய்துவைத்தது பாறை முழுக்க நிறைந்திருக்கிறது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது. ஒவ்வொரு சிற்பத்தின் அருகிலும் அந்தக் கொடையாளியின் பெயரை இன்றைய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வட்டெழுத்து தெரியாத பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பார்கள்.

கொடையாளிகளின் ஊர்ப்பெயர்களில் திருச்சாரணம் வருகிறது. இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை அது. அங்கும் பாறையில் தீர்த்தங்கரர்கள் உண்டு. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்து ஒரு சிற்பம் செய்வித்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் அந்த மலைக்குப் போவதென்று குன்றிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டோம்.